சராசரிக்கு வெளியே ஓடும் வண்டி

ஐந்து வருட ஓட்டத்தை நான் ஒரே இரவில் ஓட்டி முடித்திருக்கிறேன். வண்டி இல்லாமல், ரோடு இல்லாமல்.

ஓரகடம் பக்கத்தில் ஒரு சிறிய எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருசக்கர வண்டிகளுக்கான டிஜிட்டல் மீட்டர் செய்தோம். வேகம், பெட்ரோல் அளவு, இதுவரை ஓடிய கிலோமீட்டர் இவற்றைக் காட்டும் பலகை. உள்ளே ஓடும் மென்பொருளை எழுதியது நான். சக்கரம் சுற்றுவதுபோல ஒரு துடிப்பை கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால் போதும், மீட்டர் தான் ரோட்டில் ஓடுவதாக நம்பிவிடும். நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தேன். மாலை ஆறரைக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலை பதினொன்றே காலுக்குள் 60,000 கிலோமீட்டர் முடிந்திருக்கும். சராசரியாக ஒருவர் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுவார் என்பது எங்கள் கணக்கு. ஆக ஐந்து வருடம்.

77 மீட்டர்களை வரிசையாக மாட்டி ஓட்டினோம். 77-ம் தேறின. ஒன்றில்கூட ஒரு கிலோமீட்டர் பிசகவில்லை. அறிக்கையில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பல வருடங்களாக எனக்குச் சண்டையே அந்த வாக்கியத்தோடுதான்.

*

மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும்.

1967-ல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் ஸீ என்ற இருவர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். டிரான்சிஸ்டருக்குள், எந்தப் பக்கமும் தொடர்பில்லாத ஒரு சின்னத் தீவை அமைப்பது. சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு சுவர். அந்தத் தீவில் எலெக்ட்ரான்களை அடைத்துவைத்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் இன்னொரு விடை. நம் போன், பென் டிரைவ், மீட்டர் எல்லாவற்றிலும் இன்றுவரை இருப்பது பெரும்பாலும் இந்த யோசனையும் அதன் வாரிசுகளும்தான். டோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984-ல் அறிமுகப்படுத்திய ஃபிளாஷ் நினைவகமும் அந்த வம்சம்தான்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த அறைக்குக் கதவு கிடையாது. கதவு வைத்தால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும். அதனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும், அதிக மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களைச் சுவர் வழியாகவே தள்ளுகிறோம். சுவர் இடியாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்கள் அதில் தங்கும். காயம் சேரச் சேர சுவர் ஒழுக ஆரம்பிக்கும். ஒருநாள் எழுதியது நிற்காது.

அதனால் இந்த வகைச் சிப்புகளின் டேட்டாஷீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். எத்தனை முறை எழுதலாம் என்பது ஒன்று. எழுதியது எத்தனை வருடம் நிற்கும் என்பது இன்னொன்று. ஆர்டுயினோ பலகைகளால் கல்லூரி மாணவர்கள்வரை தெரிந்திருக்கும் ஏடிமெகா 328 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈஈப்ரோம் நினைவகத்தில் 1,00,000 முறை எழுதலாம். 85 டிகிரி செல்சியஸில் 20 ஆண்டு நிற்கும், 25 டிகிரியில் 100 ஆண்டு நிற்கும் என்று போட்டிருப்பார்கள்.

100 ஆண்டு! இந்தத் தொழில்நுட்பத்தின் மூல யோசனைக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை. யார் காத்திருந்து பார்த்தார்கள்?

*

யாரும் காத்திருக்கவில்லை. சூடாக்கினார்கள்.

வேதிவினைகள் சூட்டில் எவ்வளவு வேகமாகும் என்பதற்கு ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889-ல் ஒரு சமன்பாடு கொடுத்தார். பிளஸ் டூ வேதியியலில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். சிப்பின் முதுமையும் அந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும் என்று வைத்துக்கொண்டால், அடுப்பில் வைத்துக் காலத்தை ஓட்டலாம். கிளர்வு ஆற்றல் 1.1 எலெக்ட்ரான் வோல்ட் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 125 டிகிரியில் 94 மணி நேரம் என்பது 55 டிகிரியில் பத்து ஆண்டுக்குச் சமம். திங்கள்கிழமை உள்ளே வைத்து வெள்ளிக்கிழமை எடுத்தால் பத்து வருடம் வாழ்ந்த சிப் கையில் இருக்கும்.

முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குப் புல்லரித்தது. இரண்டாம் முறை போட்டபோது பயம் வந்தது. அந்த 1.1 என்ற இடத்தில் 0.6 என்று போட்டுப் பாருங்கள். அதே அடுப்பு, அதே 94 மணி நேரம். பத்து ஆண்டு ஐந்தரை மாதமாகச் சுருங்கிவிடும். சிப்பில் எந்த மாற்றமும் இல்லை, நம் நம்பிக்கையில்தான் மாற்றம். எந்தக் காரணத்தால் சிப் மறக்கப்போகிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால்தான் எந்த எண்ணைப் போடுவது என்பது தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. தேய்ந்த சுவரின் சில காயங்கள் சூட்டில் ஆறிவிடும். அதாவது, வெளியே சாதாரண வெப்பத்தில் ஒழுகியிருக்கும் சிப், அடுப்புக்குள் நன்றாக இருப்பதுபோல நடிக்கும். அதனால்தான் இந்தத் துறைக்குத் தரவிதிகள் வகுக்கும் ஜெடெக் அமைப்பு, சூட்டுச் சோதனையோடு அறை வெப்பத்திலும் ஒரு சோதனையைச் சேர்த்து வைத்திருக்கிறது.

ஓரகடத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் காஞ்சிபுரம் வந்துவிடும். அந்தக் காஞ்சியில்தான் மணிமேகலை அறவண அடிகளிடம் தருக்கம் கேட்டாள் என்கிறது காப்பியம். எதையும் அறிவதற்கு அங்கே இரண்டே வழிகள்தான் சொல்லப்படுகின்றன. நேராகக் காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது. புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்று கருதலாம். நெருப்பைப் பார்த்துப் புகை உண்டு என்று கருதமுடியாது, ஏனென்றால் விறகு ஈரமாக இருந்தால்தான் புகை வரும். இதை நம் தருக்க மரபில் உபாதி என்பார்கள். கருதலுக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை. பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் 'கண்டது' 94 மணி நேரம் மட்டும். பத்து ஆண்டு என்பது 'கருதியது'. 1.1 என்ற எண்தான் எங்கள் ஈர விறகு.

77 என்ற எண்ணுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 77 சிப்பில் ஒன்றும் பழுதாகவில்லை என்றால் 'பழுதே வராது' என்று பொருளில்லை. பழுது விகிதம் 3 சதவிகிதத்துக்குள் இருக்கும் என்று 90 சதவிகித நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவுதான் புள்ளியியல் நமக்குக் கொடுக்கும் உரிமை. மூன்று தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து 77 வீதம் 231 சோதித்து, அதிலும் ஒன்றுகூட விழவில்லை என்றால், 1 சதவிகிதம். 50,000 வண்டி விற்றால் 1 சதவிகிதம் 500 வண்டி. பூஜ்யம் என்று அறிக்கையில் எழுதுகிறோம். ஐந்நூறு பேர்வரை அந்தப் பூஜ்யத்துக்குள் உட்கார்ந்திருக்கலாம்.

இதுவரை சொன்னதில் யார் மீதும் குற்றமில்லை. பத்து வருடம் காத்திருந்தால் எந்தப் பொருளையும் விற்கமுடியாது. கருதித்தான் ஆகவேண்டும். கேள்வி, எதைக் கருதுகிறோம் என்பதைவிட யாரைக் கருதுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. எனக்கு அது தாமதமாகத்தான் புரிந்தது.

*

எங்கள் மீட்டர் நன்றாக விற்றது. அதே பலகையை வெளிக்கூடு மட்டும் மாற்றி மூன்று சக்கர வண்டிக்கும் கேட்டார்கள். சந்தோஷமாகக் கொடுத்தோம். சோதனைத் திட்டத்தையும் அப்படியே நகல் எடுத்தேன். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர், ஐந்து வருடம், ஒரு இரவு. தேர்ச்சி.

இரண்டரை வருடம் கழித்து ஒரு மீட்டர் திரும்பி வந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து கழற்றியது. கிலோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கோடுகள் மட்டும் மின்னிக்கொண்டிருந்தன. நினைவகத்தைப் படித்துப் பார்த்தேன்.

கிலோமீட்டரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது யாருக்கும் தெரிந்த பாடம். அதனால் 16 அறைகள் ஒதுக்கி, முறைவைத்து ஒவ்வொன்றிலும் எழுதினேன். ஒவ்வோர் அறைக்கும் பதினாறில் ஒரு பங்கு தேய்மானம்தான். நல்ல வடிவமைப்பு என்று எனக்கே பெருமை. ஆனால் 'கடைசியாக எந்த அறையில் எழுதினோம்' என்ற குறிப்பை எங்கே வைத்தேன் தெரியுமா? பதினேழாவதாக ஒரு இடத்தில். ஒரே இடத்தில். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தக் குறிப்பு மாறும். பதினாறு பேருக்கு வேலையைச் சமமாகப் பங்கிட்டுவிட்டு, பங்கிடும் கணக்கப்பிள்ளையை மட்டும் தூங்கவிடாமல் வேலை வாங்கியிருக்கிறேன்.

திரும்பி வந்த மீட்டரில் பதினாறு அறைகளும் நலம். கடைசி அறையில் 1,34,000 சொச்சம் கிலோமீட்டர் அழகாக எழுதியிருந்தது. கணக்கப்பிள்ளைதான் செத்துப்போயிருந்தார்.

எங்கள் சிப்புக்கும் தயாரிப்பாளர் உத்தரவாதம் 1,00,000 முறைதான். சராசரி ஆளுக்கு அது எட்டு வருடத்துக்கு மேல் வரும். சோதனையில் நான் ஓட்டியது 60,000. எப்படி மாட்டும்? ஆனால் ஷேர் ஆட்டோ ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓடும். வருடத்துக்கு 330 நாள் என்று வைத்தால் 50,000 கிட்ட. உத்தரவாதம் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். வண்டிக்கு வாரண்டியும் இரண்டு வருடம்தான்.

யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. ஆனால் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது.

அன்று அந்த மீட்டரை மேஜையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சராசரி என்பது கணிதச் சொல் என்றே நினைத்திருந்தேன். சராசரி என்று ஓர் ஆளை வரையும்போது, மீதி ஆட்களை வரையாமல் விடுகிறோம். யார் விடுபடுகிறார்கள்? வண்டியை அலங்காரத்துக்கு வைத்திருப்பவர் விடுபட்டால் நஷ்டமில்லை, அவர் மீட்டர் இருபது வருடம் தாங்கும். விடுபட்டு அடிபடுகிறவர், அந்த வண்டியை வைத்துத்தான் அரிசி வாங்குகிறவர். ஒரு பொருளை யார் அதிகம் நம்பியிருக்கிறாரோ, அவரிடம்தான் அது முதலில் உயிரை விடும். மிக்ஸி, தையல் மெஷின், செல்போன், எதை எடுத்தாலும் இதுதான் கணக்கு. நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த சராசரியின் செலவை அவர் ஒருவர் கட்டுகிறார்.

அந்த ஆட்டோக்காரர் வாரண்டி முடிந்ததால் புது மீட்டருக்குக் காசு கொடுத்துத்தான் மாற்றியிருந்தார். ஒரே ஒரு நினைவக இடம் தேய்ந்ததற்கு முழு மீட்டர். திருத்தம் எனக்கு அரை நாள் வேலை. குறிப்பையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு அறையிலும் கிலோமீட்டரோடு ஒரு வரிசை எண்ணையும் எழுதினால் போதும். வண்டி ஸ்டார்ட் ஆகும்போது பெரிய எண் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொள்ளலாம். கூடுதல் செலவு ஒரு பைசா கிடையாது.

*

என் மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர், பல வருட அனுபவம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடுத்த வெர்ஷன்ல மாத்திடுப்பா. ஆனா இதை டிஃபெக்ட்னு எழுதாதே. ஒரு லட்சம்னு சிப் காரன் சொல்றான், ஒரு லட்சத்துக்கு மேல ஓடியிருக்கு. ஸ்பெக்குக்குள்ளதானே இருக்கு? டயர் தேயுது, பிரேக் ஷூ தேயுது, அதையெல்லாம் நாம ஏமாத்துனதா சொல்றோமா?"

அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வாதம் வலுவானது. இதே வாதத்தை நம்மைவிடப் பெரிய இடத்திலும் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

டெஸ்லா நிறுவனம் 2012 முதல் 2018 வரை தயாரித்த மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம் ஒன்று இருந்தது. அதோடு இருந்த டெக்ரா 3 செயலி, அந்தக் காலத்து டேப்லட்களில் வந்த அதே வகை. டேப்லட்டுக்கு இரண்டு மூன்று வருட ஆயுள் போதும். கார் அப்படியல்ல. மென்பொருள் ஓயாமல் பதிவுகளை எழுதிக்கொண்டே இருந்ததில் நினைவகம் தேய்ந்தது. திரை செத்தால் பின்பக்கக் கேமராவும் போகும், கண்ணாடிப் பனியை நீக்கும் வசதியும் போகும். 2021 ஜனவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சுமார் 1,58,000 கார்களைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதியது. அடுத்த மாதம் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்பப் பெற ஒத்துக்கொண்டது. ஆனால் கூடவே, இப்படிப்பட்ட பாகங்கள் காரின் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருளாதாரரீதியில் நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற பொருளில் வாதிட்டது. டயர் வாதத்தின் இன்னொரு வடிவம்தான்.

ஸ்ரீபெரும்புதூர்-ஓரகடம் சாலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை அந்நியமில்லை. ஒரு பக்கம் போன் செய்கிற ஊர், இன்னொரு பக்கம் வண்டி செய்கிற ஊர். 2006-ல் தொடங்கி 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்திய நோக்கியா ஆலையின் காலத்திலிருந்தே இங்கே எலெக்ட்ரானிக்ஸ் என்றால் போன்தான். வண்டி என்றால் இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய், ஓரகடத்தின் ரெனோ-நிஸான். இரண்டுக்கும் நடுவே எங்களைப்போன்ற சின்ன நிறுவனங்கள். போனின் வேகத்தில் யோசித்து வண்டிக்குப் பாகம் செய்கிறோம். போன் வாங்குகிறவர் மூன்று வருடத்தில் மாற்றிவிடுவார். ஆட்டோ வாங்குகிறவர் கடன் அடைக்கவே அதற்குமேல் ஆகும்.

சரி, டயர் வாதத்துக்குப் பதில் என்ன? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பஞ்சர் கடை தேவைப்பட்டது. என் பைக்கின் பின்சக்கரத்தைப் பார்த்த கடைக்காரர், "தம்பி, இது இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட தாங்காது, பாத்துக்கோ" என்று விரலை வைத்துக் காட்டினார். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கிறது. ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் மாற்றவேண்டும். படிப்பறிவே இல்லாதவர்கூட விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். பிரேக் ஷூ தேய்ந்தால் கிறீச்சிடும். பல்பு போனால் எதிரே வருகிறவர் கத்துவார்.

நினைவகம் தேய்வதற்குச் சத்தம் கிடையாது. 99,999 முறை எழுதிய சுவரும் புதுச் சுவரும் வெளியே ஒன்றுபோலத்தான் இருக்கும். அது எந்தக் கிலோமீட்டரைத் தாண்டினால் அபாயம் என்பதை உலகத்தில் அறிந்தவர்கள் அதை வடிவமைத்தவர்கள் மட்டும்தான். எங்கள் மீட்டரைப் பொறுத்தவரை, நானும் என் மேலாளரும் இன்னும் இரண்டு பேரும்.

அதுதான் வித்தியாசம். தேய்வது குற்றமில்லை. தேய்மானத்தைப் பார்க்கும் கண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும்போது, 'ஸ்பெக்குக்குள் இருக்கிறது' என்பது பதில் ஆகாது. டயர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தேய்மானத்தைப் பற்றி ஒரே அறிவு இருக்கிறது. அதனால் அது நியாயமான வியாபாரம். எங்களுக்கும் ஆட்டோக்காரருக்கும் அப்படியில்லை. அறிவு எங்களிடம், நஷ்டம் அவரிடம். அறிவு இருக்கும் இடத்துக்குக் கடமையும் வந்துசேருகிறது. அதை யாரும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டியதில்லை.

*

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி, குரு தனக்கு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொன்னார் என்ற கதை நாம் எல்லோரும் கேட்டதுதான். வெளியே சொன்னால் உனக்கு நரகம் என்று எச்சரிக்கப்பட்டவர் அவர். நான் ஒருவன் நரகம் போனால் இத்தனை பேருக்கு நன்மை என்றால் போகிறேன் என்றாராம். சமத்துவக் கதையாக இதைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் பொறியாளனாக எனக்கு உறைப்பது வேறு இடம். ரகசியத்தை வைத்திருப்பதன் சுகம் யாருக்கு, உடைப்பதன் விலை யாருக்கு என்ற கணக்கு அந்தக் கதையில் தெளிவாக இருக்கிறது. உடைப்பவர் விலையைத் தானே கட்டுகிறார்.

நான் எந்தக் கோபுரத்திலும் ஏறவில்லை. அதையும் சொல்லியாகவேண்டும். வீட்டுக் கடன், மூன்று மாதக் குழந்தை, 'டிஃபெக்ட்னு எழுதாதே' என்ற நல்ல மனிதரின் குரல். நான் செய்தது இவ்வளவுதான்: மென்பொருளைத் திருத்தினேன். பழைய வண்டிகளுக்கும் போட்டுவிடலாம் என்று மூன்று கூட்டங்களில் பேசினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களுக்குச் சுற்றறிக்கை போனது. வண்டி சர்வீஸுக்கு வரும்போது மென்பொருளை மாற்றிவிடவும், வாடிக்கையாளருக்குத் தனியாகத் தெரிவிக்கத் தேவையில்லை.

எனக்குப் பெரிய நிம்மதி. கடமை முடிந்தது என்றுகூட நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. வாரண்டி முடிந்த ஆட்டோ எதற்குக் கம்பெனி சர்வீஸுக்கு வரும்? ரோட்டோர மெக்கானிக்கிடம்தான் போகும். வாரண்டிக்குள் இருந்து தவறாமல் சர்வீஸுக்கு வருகிறவர், பெரும்பாலும் குறைவாக ஓட்டுகிறவர். எங்கள் ரகசியத் திருத்தம், அது தேவைப்படாதவர்களைத் தேடித்தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மறுபடியும் அதே சராசரி ஆள்.

*

ஓரகடம் கூட்டுரோட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு நின்று பாருங்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் சந்திக்கும் இடம். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஷேர் ஆட்டோக்களில் நெருக்கியடித்து ஏறுவார்கள். மீட்டரை அசெம்பிள் செய்கிறவர்களை, மீட்டர் வைத்த வண்டிகள் ஏற்றிப்போகும். நானும் பல நாள் அப்படிப் போயிருக்கிறேன், வண்டியின் மீட்டரைக் கவனிக்காமலேயே.

அன்று கவனித்தேன். டிரைவர் பக்கத்து சீட். எங்கள் மீட்டர். 1,12,600 என்று காட்டியது.

"ஒரு நாளைக்கு எவ்ளோ ஓடும்ணே?"

"அது இருக்கும் தம்பி, நூத்தம்பது நூத்தறுபது. சம்பள வாரம்னா இன்னும் கூட."

"சர்வீஸ் எங்க விடுவீங்க?"

"நம்ம பையன்தான், பின்னாடி தெருவுல. ஏன்?"

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "இந்த மீட்டர்ல ஒரு சின்ன பிரச்சினை வரும்ணே. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விட்டா ஃப்ரீயா சாஃப்ட்வேர் மாத்திக் குடுப்பாங்க. இப்பவே மாத்திக்குங்க, அப்புறம் மீட்டரே போயிட்டா காசு குடுத்து வாங்கணும்."

அவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். "நீங்க இந்தக் கம்பெனியா?"

"மீட்டர் மட்டும் நாங்க செய்யறோம்."

"இப்ப நல்லாதானே ஓடுது?"

"ஓடும்ணே. திடீர்னு நின்னுடும்."

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு கேட்டார்: "ஃப்ரீதான் சரி. வண்டிய அங்க விட்டா ஒரு நாள் போயிடும். அந்த ஒரு நாள யார் குடுப்பா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் சோதனைத் திட்டத்தில் இடமே இல்லை. 94 மணி நேரத்தைப் பத்து வருடமாக மாற்றத் தெரிந்த எங்களுக்கு, அவருடைய ஒரு நாள் எவ்வளவு என்று கணக்கிடத் தெரியவில்லை. ஒரு நாள் என்பது எங்களுக்கு 150 எழுத்துச் சுழற்சி. அவருக்கு அன்றைய டீசல், தவணை, வீட்டுச் செலவு.

அந்த நிறுவனத்தைவிட்டு வந்துவிட்டேன். இப்போது வேறு இடத்தில், வேறு சிப்புகள். ஒரு பழக்கம் மட்டும் கூட வந்திருக்கிறது. எந்தச் சோதனை அறிக்கை எழுதினாலும் 'தேர்ச்சி' என்ற வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரி எழுதுகிறேன். இது யாரிடம் முதலில் பழுதாகும்? ஆகப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரியுமா? சரிசெய்ய அவருக்கு எத்தனை நாள் போகும்? மூன்றுக்கும் எண்ணால் பதில் எழுதவேண்டும், சொல்லால் அல்ல என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். பல நேரம் மேலே இருப்பவர்கள் அந்த வரிகளை அடித்துவிடுகிறார்கள். சில நேரம் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை, தேய்மானம் எண்பது சதவிகிதத்தைத் தாண்டினால் திரையில் ஒரு சின்ன அடையாளம் காட்டுவதற்கு ஒப்புக்கொண்டார்கள். டயருக்குள் இருக்கும் மேடு போல.

அந்தப் பழைய அறிக்கை என் கையெழுத்தோடு ஏதோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கும். 77 சோதித்தோம், பழுது பூஜ்யம். அத்தனையும் உண்மை.

அன்று காலை கம்பெனி கேட் முன்னால் இறங்கிக் காசு கொடுத்தேன். "பாப்பம் தம்பி, ஞாயித்துக்கெழம முடிஞ்சா போறேன்" என்றார். சர்வீஸ் சென்டருக்கு ஞாயிறு விடுமுறை. அதை நான் சொல்வதற்குள் அடுத்த ஆள் என் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பும்போது மீட்டரை எட்டிப் பார்த்தேன். 1,12,608.